கேள்வி–பதில்: பொம்மை வாங்கி விற்பதில் என்ன தப்பு?

கேள்வி: குட்டி ஹாட் வீல்ஸ் கார்கள் சேகரிப்பவன் நான். கடைக்குப் புதுச் சரக்கு வரும் நாளில் முதல் ஆளாகப் போய், அரிதான கார்களை எல்லாம் எடுத்து, ஆன்லைனில் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறேன். என் நண்பன் இதைக் கொள்ளை என்கிறான். காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன், யார் கையையும் முறுக்கவில்லையே. இதில் என்ன தப்பு சார்?

பதில்: லாபம் பார்ப்பது தப்பே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் அங்கேதான் சண்டையை ஆரம்பித்திருப்பார். குட்டிக் கட்டைகளைப் பொருத்தி விளையாடும் லெகோ செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செட்டைச் சில வருடம் தயாரித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கடையில் குவிந்து கிடந்த காலத்திலேயே நாலு பெட்டி வாங்கி, ஈரம் ஏறாமல், மூலை நசுங்காமல் பல வருடம் பாதுகாத்து, பிறகு நல்ல விலைக்கு விற்கிறவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் வாங்கிய அன்றைக்கு யாருடைய பங்கும் குறையவில்லை. விலை ஏறாமலே போயிருந்தால் நஷ்டமும் அவருக்குத்தான்.

உங்கள் கதை வேறு. நீங்கள் வாங்குவதால்தான் அந்தக் கார் கடையில் இல்லாமல் போகிறது, அப்புறம் 'எங்கேயும் கிடைக்காது' என்று சொல்லி விற்பவரும் நீங்களே.

ஹாட் வீல்ஸில் அரிதாகக் கலந்துவரும் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ரப்பர் டயர், தனியாக மினுக்கும் பெயின்ட், காருக்குப் பின்னால் அட்டையில் ஒளிந்திருக்கும் தங்க நிற முத்திரை. விலையோ பக்கத்தில் தொங்கும் சாதாரணக் காரின் விலைதான். ட்ரெஷர் ஹன்ட் (புதையல் வேட்டை) வரிசையை, ஹாட் வீல்ஸ் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் 1995-இல் தொடங்கியது. ஒரு பையன் தன் கைக்காசில் ஏதோ ஒரு காரை எடுக்கப்போய் அதிர்ஷ்டம் அடிக்கட்டும் என்பதுதான் அந்த விளையாட்டின் சுவாரஸ்யமே. சரக்குப் பெட்டி பிரிந்ததும் பிரியாததுமாக நீங்கள் எல்லா அட்டையையும் திருப்பிப் பார்த்து உருவிக்கொண்டால், அவனுக்கு மிச்சம் நீங்கள் வேண்டாம் என்று தள்ளியதுதான். (திருப்பிப் பார்க்கும் வேகத்தில் மூலை மடங்கிய அட்டைகள் சேகரிப்பாளர்களிடம் விலை போகாது என்பது தனி வயிற்றெரிச்சல்.)

நிறுவனங்கள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். அரிதாகச் செய்து ஆசை காட்டுவது அவர்கள் வியாபாரம், அந்த ஆசையில்தான் உங்களைப் போன்றவர்கள் குளிர்காய்கிறீர்கள். அது எல்லை மீறினால் அவர்களுக்கே தலைவலியாகிறது. 2025 மே மாதம் பிரிட்டனில் லபூபு என்ற, பல்லைக் காட்டும் குட்டிப் பூத பொம்மைக்காக அடிதடி வரை போனதும், அதை விற்கும் பாப் மார்ட் நிறுவனம் அங்கே தன் கடைகளில் அதன் விற்பனையையே நிறுத்தி வைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸில் சிறுவர் சாப்பாட்டோடு, சேகரிப்பவர்கள் தேடி அலையும் போக்கிமான் கார்ட்டூன் அட்டை கொடுத்தார்கள். மறுவிற்பனைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி, அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் போக, நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

அதற்காக விற்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஒன்று, கைமாற்ற ஒன்று, அதோடு நகர்ந்துவிடுங்கள். கடை ஊழியரைக் கையில் போட்டுக்கொண்டு பெட்டியைப் பின்பக்கம் ஒதுக்கி வைக்கச் சொல்லும் பழக்கம் இருந்தால் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் 'முதல் ஆளாக' என்றதும் எனக்குச் சந்தேகம்) அதை இன்றைக்கே விடுங்கள். அதற்குப் பெயர் பதுக்கல்.

கேள்வி: பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் ஒரு டப்பா நிறையப் பொம்மைகள். அந்த அம்மா சொன்ன விலை ரொம்பக் குறைவு. உள்ளே ஒரு பொம்மை மட்டுமே அதைப் போல் நூறு மடங்கு பெறும் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் வாங்கி வந்து விற்றுவிட்டேன். உறுத்துகிறது.

பதில்: உறுத்த வேண்டியதுதான். விற்றவர் ஒரு கடைக்காரர் என்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன், சரக்கின் மதிப்பைத் தெரிந்துவைத்திருப்பது அவர் பிழைப்பு. இடத்தைக் காலி செய்யும் ஒரு வீட்டம்மாவுக்கு அதைத் தெரிந்துகொள்ள என்ன அவசியம்? 'இது ஏதாவது பெறுமா தம்பி?' என்று அவர் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கியிருந்தால் அது சுத்தமான ஏமாற்று வேலை. அவர் கேட்கவே இல்லை என்றால் சட்டப்படி பெரிதாகச் சிக்கல் வராது, ஆனால் நீங்கள் சட்டம் கேட்டு எனக்கு எழுதவில்லை. கண்டுபிடித்த கண்ணுக்கும் அலைந்து விற்றதற்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, பாதியையாவது கொண்டுபோய்க் கொடுங்கள். வீடு தெரியும்தானே?

கேள்வி: மகள் லபூபு கேட்டு அழுகிறாள். நிறுவனத்திடம் ஸ்டாக் இல்லை, மறுவிற்பனைக்காரரிடம்தான் இருக்கிறது, அதுவும் யானை விலை. வாங்கினால் நானும் இந்தக் கூத்துக்குத் துணை போகிறேனா?

பதில்: கொஞ்சம் துணை போகிறீர்கள்தான், ஆனால் ஒரு பெற்றோர் வாங்காததால் சந்தை திருந்திவிடாது. நான் தள்ளிப்போடச் சொல்வது உங்கள் பர்ஸை நினைத்து. 2025 ஜூனில் பாப் மார்ட் பெரிய அளவில் மறுபடி ஸ்டாக் இறக்கியதும் சீனாவில் மறுவிற்பனை விலை சடசடவென்று சரிந்தது. தொண்ணூறுகளில் பீனி பேபீஸ் பொம்மைகளைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று அடுக்கி வைத்தவர்களில் பலரிடம் அவை அப்படியே தங்கிவிட்டன.

இல்லை, இப்போதே வேண்டும் என்றால் போலி விஷயத்தில் உஷார். 'லஃபூஃபு' என்று அதற்குச் செல்லப் பெயரே உண்டு. பல்லை எண்ணுங்கள், அசல் லபூபுவுக்கு ஒன்பது. ஒன்பது இருந்துவிட்டாலே அசல் என்று நம்பிவிடாமல், பெட்டியில் உள்ள க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்து, அது நிறுவனத்தின் தளத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். கண்ணோ கையோ சட்டென்று கழன்று வந்தால் சின்னப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிவிடும்.