பயோவை விடச் சொல்ல முன்னம் ஒரு படம் கீறச் சொல்லுங்கள்

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானிலிருந்து வந்து பேசிய அம்மாவுக்கு,

பிள்ளையின் கொப்பி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.எம், ஐ.ஜி.ஏ, ஐ.ஜி.ஈ, ஐ.ஜி.டி என்று பிறபொருளெதிரிகளின் (கிருமியையும் நஞ்சையும் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதங்களின்) ஐந்து வகுப்புப் பெயரையே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். அப்படியும் சோதனையில் மறந்துபோகிறதாம். பயோவை (உயிரியல் பிரிவை) விட்டுக் கலைப்பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் அம்மா. அவளுக்கு மூளை குறைவில்லை. பாடம் அவளுக்குப் பட்டியலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயலில் அவளுடைய அப்பாவுக்கு விரியன் கடித்து, ஆசுப்பத்திரியில் மருந்து ஏற்றியதைச் சொன்னீர்களே, அதைத்தான் அவளிடம் எடுத்தேன். அந்த மருந்து பிறபொருளெதிரி. குதிரைக்குப் பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். குதிரையின் உடல் நஞ்சைப் பிடிக்கும் புரதங்களை உண்டாக்கும். அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துத்தான் நமக்குத் தருகிறார்கள். இங்கே வருவது இந்தியாவில் செய்தது. "அப்பாவின்ர உடம்புக்குள்ள குதிரையின்ர ஐ.ஜி.ஜியா?" என்று கேட்டாள். அழுகை அதோடு நின்றுவிட்டது.

பிறகு ஒரு வை (Y) எழுத்துக் கீறச் சொன்னேன். பிறபொருளெதிரியின் வடிவம் அதுதான். இரண்டு பாரமான புரதச் சங்கிலி, இரண்டு இலேசான சங்கிலி, இடையில் அவற்றைக் கட்டிவைக்கும் இருசல்பைட்டுப் பிணைப்புகள். இரண்டு கை நுனியும்தான் நஞ்சையோ கிருமியையோ பிடிக்கும் இடம். அந்த நுனி, முகம் ஆளுக்கு ஆள் மாறுவதுபோல ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் மாறும். எந்த வகுப்பு என்பதைத் தீர்மானிப்பது பாரமான சங்கிலி. கீழே உள்ள தண்டு அதனால் ஆனது. பாம்புக்கடி மருந்தில் பெரும்பாலும் அந்தத் தண்டை நொதியத்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள். நஞ்சைப் பிடிக்கக் கை போதும், குதிரையின் தண்டு நம் உடலில் ஒவ்வாமையைக் கூட்டும். இந்த அமைப்பைக் கண்டுபிடித்ததற்காகத்தான் எடெல்மன், போர்ட்டர் என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்புகளையும் வீட்டுக் கதையாகவே அவளே சொல்லட்டும். காய்ச்சல் தொடங்கியதும் முதலில் வருவது ஐ.ஜி.எம். ஐந்து வை ஒன்றாகச் சேர்ந்து பத்துக் கைகளோடு வரும். ஐ.ஜி.ஜி பின்னால் வந்து நெடுநாள் நிற்கும். குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளில் ஏறத்தாழ 75 வீதம் அதுதான். டெங்குப் பரிசோதனையில் இரண்டையும் தனித்தனிக் கோடாகப் பார்ப்பது இதனால்தான். ஐ.ஜி.எம் கோடு விழுந்தால் தொற்று அண்மையில் வந்தது என்று பொதுவாகக் கொள்வார்கள். சூல்வித்தகத்தை (நஞ்சுக்கொடியை) தாண்டிக் குழந்தைக்குப் போவதும் ஐ.ஜி.ஜிதான். நீங்கள் தம்பிக்குக் கொடுத்த சீம்பாலில் நிறைந்திருந்தது ஐ.ஜி.ஏ. புழுத் தொற்றுக்கும் தூசித் தும்மலுக்கும் ஐ.ஜி.ஈ. ஐ.ஜி.டி பெரும்பாலும், பிறபொருளெதிரியை உண்டாக்கும் வெண்குழியங்களான பி கலங்களின் மேற்பரப்பில் இருக்கும். அதற்கு இந்த ஒரு வரி இப்போதைக்குப் போதும்.

இனி, உங்களுடைய பெரிய பயம். "டொக்டராக வராவிட்டால் பயோ படித்து என்ன பயன்?" அந்த டெங்குக் கோட்டைப் பார்த்து முடிவு எழுதுகிற ஆள் டொக்டர் இல்லை அம்மா, ஆய்வுகூடத்தில் இருப்பவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நான்கு வருடப் பட்டப்படிப்பாக இருக்கிறது. விலங்குகளில் விருப்பம் என்றால் பேராதனையில் மிருக வைத்தியம். வீட்டுக்குக் கிட்ட வேண்டுமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி முக்கியம்தான், ஆனால் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. கொழும்புப் பிள்ளையோடு ஒப்பிட்டு இப்போதே மனம் சோர வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தப் பட்டப்படிப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இன்னொரு ரியூசனுக்கு அனுப்பும் காசை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் நல்லது என்பது என் எண்ணம்.

இன்று இரவு சமைக்கும்போது அவளை அருகில் இருத்தி, அப்பாவுக்கு ஏற்றிய மருந்து எப்படி வேலை செய்தது என்று கேளுங்கள். கொப்பி பார்க்காமல் சொல்லட்டும். அடுத்த முறை வரும்போது இரசாயனவியல் புள்ளிகளையும் கொண்டுவாருங்கள், அதையும் இருந்து பார்ப்போம்.