சிலிண்டரின் தோளில் என்ன எழுதியிருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஸ்கூபா சிலிண்டரை, அதாவது கடலடியில் மூச்சுவிடக் காற்றை அடைத்து முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டரைப் பற்றியவை. புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் கற்றுக்கொண்டு வருகிறார்கள்; ஒரு வருடம் கழித்து சொந்தமாகச் சாமான் சேர்க்க ஆசை வந்துவிடுகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு டைவிங் கடையை மூடுகிறார்கள். அலுமினியம் 80 (சுமார் 80 கன அடி காற்று பிடிப்பது) சிலிண்டர் ஒன்று ரூ.12,000 என்கிறார்கள். புது பெயிண்ட், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்தப் பளபளப்புதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. ஏன் என்பதைக் கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் சிலிண்டரின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகளை உலோகத்திலேயே குத்தியிருப்பார்கள். ‘டிஓடி 3ஏஎல் 3000’ என்று இருந்தால் அது அமெரிக்க விதிப்படி செய்த அலுமினியம் சிலிண்டர், நிரப்பும் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ, நம் கணக்கில் 207 பார். பக்கத்தில் வரிசை எண்ணும், முதல் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஹைட்ரோ சோதனைக்கும் ஒரு தேதி கூடியிருக்க வேண்டும். டிஓடி கணக்கில் 5 ஆண்டுக்கு ஒரு முறை. சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து 5000 பிஎஸ்ஐ வரை ஏற்றி, எவ்வளவு விரிந்தது, இறக்கியபின் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்பியது என்று அளப்பார்கள். மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் சிலிண்டரைக் கழித்துவிடுவார்கள். கடைசித் தேதி 5 ஆண்டைத் தாண்டியிருந்தால், சோதனைச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சோதனையில் தேறினால்தான் மீதிப் பணம் என்றும் சொல்லிவிடுங்கள்.

முதல் தேதி 1990-க்கு முன்னால் இருந்தால் பேரமே வேண்டாம். பழைய அலுமினியம் சிலிண்டர்கள் பலவற்றை 6351 என்ற கலவையில் செய்தார்கள். அதில் அழுத்தம் ஏறியே இருக்க இருக்க, கழுத்து மரையில் மெல்ல வெடிப்பு விடும் குறை இருந்தது. சிலிண்டர் செய்யும் லக்ஸ்ஃபர் நிறுவனமே 1988-இல் அமெரிக்காவில் அதைக் கைவிட்டு 6061 கலவைக்கு மாறியது. பழையது எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சோதிக்கக் கருவி வேண்டும், நிரப்பித் தரவும் பல கடைகள் யோசிக்கும். உங்களுக்கு ஏன் அந்த வம்பு?

இன்னொன்று, வால்வை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கழுத்து மரை முக்கால் அங்குலம், எம்25 என்று இரண்டு வகையில் வருகிறது. எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்துக்குள் தொளதொளவென்று ஏறிவிடும், பார்வைக்கும் சரியாகத்தான் தெரியும். அழுத்தம் ஏறும்போது அது பீரங்கிக் குண்டுதான். ‘கையால் திருப்பினாலே ஆடுகிறது, டெஃப்ளான் டேப் சுற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், நம் நாட்டுச் சட்டம். 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த வகைச் சிலிண்டரைத்தான் இங்கே நிரப்பலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும். ஆகவே சிலிண்டரோடு அதன் காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். காகிதம் இல்லை என்றால் ரூ.12,000 கொடுத்து ஒரு பூந்தொட்டி வாங்குகிறீர்கள்.

என் சொந்தக் கருத்து: மாதம் இரண்டு முறையாவது கடலில் இறங்காதவர்கள் அந்தப் பணத்தை ரெகுலேட்டருக்கு, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்துக்கு இறக்கித் தரும் கருவிக்கு, சேர்த்து வையுங்கள். சிலிண்டர் எல்லா டைவிங் கடையிலும் வாடகைக்குக் கிடைக்கும். வாயில் வைக்கும் பொருள்தான் சொந்தமாக இருக்க வேண்டும்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க டைவ் இல்லை. சிலிண்டரை நிரப்பி வைப்பதா, காலி செய்து வைப்பதா? நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: உள்ளே 20 முதல் 30 பார் காற்றை மட்டும் மிச்சம் வைத்து, நிற்க வைத்து, விழாதபடி சுவரோடு கட்டிவிடுங்கள். முழுக்கக் காலியாக இருந்தால் வால்வு வழியே ஈரக் காற்று உள்ளே போகும். கொஞ்சம் அழுத்தம் இருந்தால் போகாது. நிற்க வைப்பதற்குக் காரணம், உள்ளே துளி ஈரம் இருந்தாலும் அது அடியில் தங்கும். சிலிண்டரின் அடிப்பகுதிதான் மிகத் தடிமனானது. படுத்திருந்தால் அந்த ஈரம் மெல்லிய பக்கச் சுவரை அரிக்கும்.

உங்களுடையது ஸ்டீல் என்றால் இன்னொரு எச்சரிக்கை. உள்ளே துரு பிடிக்கும்போது அந்தத் துரு காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்கிறது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த காற்றை நம்பிக் கடலில் இறங்காதீர்கள். மெதுவாக வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அலுமினியத்துக்கும் இந்தப் பழக்கம் நல்லதுதான்.

வெளிப்பக்கத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். என் முதல் சிலிண்டருக்கு அடியில் ரப்பர் பூட் போட்டிருந்தேன். ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் கழுவினேன், பூட்டை மட்டும் கழற்றவே இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்து இழுத்துப் பிடுங்கினால், உள்ளே நனைந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. துடைத்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள். உப்புத் தண்ணீரைப் பூட்டுக்குள் நானே ஊறவைத்திருக்கிறேன். அலுமினியம் சிலிண்டர் தட்டையான அடியில் தானே நிற்கும், அதற்குப் பூட்டே தேவையில்லை. ஸ்டீலுக்கு அடி உருண்டை என்பதால் தேவை. அதைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். வலை, ஜாக்கெட்டின் பட்டை, கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கேள்வி: ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பவுடர் கோட்டிங்கை அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். 3ஏஎல் சிலிண்டர் 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் உலோகத்தின் பலம் குறைந்துவிடும். டிஓடி விதிப்படி அதைக் கழித்தே ஆக வேண்டும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது என்பதுதான் ஆபத்து. மேலே முதல் கேள்வி கேட்டவருக்கும் இதுதான்: புது பெயிண்டை யார், எப்படி அடித்தார்கள் என்று கேளுங்கள். காற்றில் உலரும் பெயிண்ட் போதும். பெயிண்ட் உரிக்கிற ரசாயனமும் வேண்டாம், மணல் பீய்ச்சிச் சுரண்டுவதும் வேண்டாம்.

கேள்வி: கடையில் 207 பார் காட்டியது. வீட்டுக்கு வந்து ராத்திரி பார்த்தால் 194. ஏமாற்றுகிறார்களா, கசிகிறதா?

பதில்: அநேகமாக இரண்டும் இல்லை. வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 50 டிகிரியில் 207 பார் இருந்த காற்று 30 டிகிரிக்கு ஆறினால் 194 பார்தான் காட்டும், காற்றின் அளவு மாறவில்லை. சந்தேகம் தீர, மறுநாள் அதே நேரத்தில் ஒரு முறை பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் வால்வை நல்ல தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். குமிழி வந்தால் நீங்களே கழற்றாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

நிரப்பும் இடத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். குழாயை மாட்டும் முன் பையன் வால்வின் வாயைத் துடைத்து, ஒரு விநாடி ‘புஸ்’ என்று திறந்து மூடுகிறானா? வால்வின் வாயில் நிற்கும் அந்த இரண்டு சொட்டு உப்புத் தண்ணீரைத்தான் கம்ப்ரஸர் நேராக உள்ளே தள்ளுகிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் வந்தது எப்படி என்று பிறகு எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். பையன் மறந்தால் நீங்களே கேட்டுச் செய்ய வையுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான்.