ஸ்டாண்டப் கூட்டத்தில் இடைக்கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது: பதில்

ஸ்டாண்டப்பில், அதாவது குழுவில் ஒவ்வொருவரும் தம் வேலை நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லும் தினசரிக் கூட்டத்தில், நடுவில் ஆங்கிலத்தில் கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மேலாளர் "எப்போது முடியும்?" என்று ஆங்கிலத்தில் குறுக்கிடும் அந்த இடத்துக்கு முழுப் பதிலை மனப்பாடம் செய்யாமல், அவகாசம் வாங்கித் தரும் இரண்டு வாக்கியங்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: "லெட் மீ செக் அண்ட் கன்ஃபர்ம் பை த்ரீ", "குட் யூ ரிப்பீட் த லாஸ்ட் பார்ட்?" முதல் வாக்கியத்தில் மணியைக் குறிப்பிடுவது முக்கியம், வெறுமனே "ஐ வில் ட்ரை" என்று முடித்தால், அடுத்த கேள்வி உடனே வந்து விழும்.

நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் தடையின்றிச் சொல்லிவிடுவதாக நீங்களே எழுதியிருப்பதால், காரணம் பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்காது. நிலவரத்தைப் பத்தியாக எழுதி ஒப்பிப்பதே காரணமாக இருக்கலாம்: அப்படி ஒப்பிப்பவருக்கு, யாராவது குறுக்கிட்டால் விட்ட இடம் பிடிபடுவதில்லை.

சோதித்துப் பார்க்க, இன்றைய நிலவரத்தை நண்பர் ஒருவரிடம் சொல்லி, நடுவில் அவரை எதையாவது தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் தெளிவில்லாதது வேலையின் நிலவரம்தான். கூட்டத்துக்கு முன் டிக்கெட்டை (உங்களுக்குத் தரப்பட்ட வேலை பதிவாகியிருக்கும் பக்கத்தை) திறந்து, எஞ்சியிருப்பதைக் குறித்துக்கொள்வது எந்த வாக்கியத்தையும்விட அதிகமாக உதவும்.

ஆனால் சொன்ன மணிக்குள் செய்தி அனுப்பாமல் தினமும் இதே வாக்கியத்தைச் சொன்னால், அது சாக்காகவே கேட்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருக்கும் அழைப்பில், மூன்று மணி என்பது இந்திய நேரமா, அவர்கள் நேரமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.