தாங்குவது யார் வேலை?

அன்புள்ள ஐயா,

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் மதுரைக்கு வருவாள். அன்று எனக்குத் தூக்கம் கிடையாது, போனில் அவள் வருகிற புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன தடவை உளுந்தூர்பேட்டை பக்கம் அது 20 நிமிடம் நகரவில்லை. டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தினமும் தேவாரம் படிக்கிறவள் நான். என் பக்தியில் குறையா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

குறை இல்லை. தேவாரம் பாடிய அப்பர், சூலை நோய் என்ற கடுமையான வயிற்று வலியில் துடித்தபோது திருவதிகையில் பாடிய பதிகமே, இந்த வலியை விலக்க மாட்டேன் என்கிறாயே என்ற முறையீடுதான். பயத்தைக் கொண்டுபோய்ச் சிவனிடம் கொட்டுவதும் பக்திதான்.

அதே அப்பர் கடம்பூரில் பாடிய 'என்கடன் பணிசெய்து கிடப்பதே' நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின அடியைத்தான் விட்டுவிடுகிறோம்: 'தன்கடன் அடியேனையுந் தாங்குதல்'. தாங்குவது அவன் கடன், அதாவது அவன் கடமை. உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர் சொல்கிறார், சும்மா இருந்தவர் இல்லை. நம் கடனோடு அவன் கடனையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்வதால்தான் இரவு 2 மணிக்குக் கை நடுங்குகிறது.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று நானும் அப்படித்தான் இருந்தேன், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டபடி, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடிக்கொண்டு. "கீழே போய்ச் சாப்பிட்டு வாங்க, உள்ளே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார் ஒரு நர்ஸ். சுருக்கென்று இருந்தது. ஆனால் போனேன். 2 இட்லி இறங்கியது. அன்றைக்கு நான் செய்த ஒரே பிரார்த்தனை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம்தான் 'அடியேனையும்' என்பதில் இருக்கிற அந்த 'உம்' கண்ணில் பட்டது. இத்தனை உயிர்களைத் தாங்குகிறவன் என்னையும் தாங்குவான். உங்கள் மகளும் அந்த 'உம்'முக்குள் இருக்கிறாள்.

ஒன்று மட்டும் கேளுங்கள். மகள் வராத நாட்களிலும் தூக்கம் போய் நெஞ்சு படபடத்தால் டாக்டரைப் பாருங்கள், அதில் சாமிக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அடுத்த தடவை "ஏறிட்டியா, சீட்டு கிடைச்சுதா" என்று கேளுங்கள், அது உங்கள் கடன். அப்புறம் போனை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படுங்கள். நடுவில் எழுந்து பார்க்கத் தோன்றும், பார்த்தாலும் பரவாயில்லை, திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள். விடிந்ததும் பிள்ளை பசியோடு வருவாள்.