ஏழு நாள் முகாமில் என்னதான் செய்வது? என்எஸ்எஸ் கேள்வி பதில்

பல வருடம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட (என்எஸ்எஸ்) அலுவலராக இருந்தவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகள் இவை.

சார், என்எஸ்எஸ்ஸில் சேர்ந்தால் கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடத்தான் விடுவார்கள் என்கிறார்களே? (பி.எஸ்சி. முதலாமாண்டு மாணவி)

சில கல்லூரிகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் திட்டம் அதற்காக வரவில்லை. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. எந்த ஊருக்கு எப்போது போகிறோம் என்று உங்கள் திட்ட அலுவலரிடம் தைரியமாகக் கேளும்மா.

பிப்ரவரியில் முகாம். மரக்கன்று நடுதல், பள்ளிச் சுவருக்கு வண்ணம், விழிப்புணர்வுப் பேரணி. சரிதானே? (புதிதாகப் பொறுப்பேற்ற உதவிப் பேராசிரியர்)

மரக்கன்றை முதலில் எடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் நட்டுவிட்டு வந்தால் சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவார்? ஐப்பசி மழையோடு நட்டால் பாதியாவது பிழைக்கும். பேரணி புகைப்படத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஊருக்குப் போய் உட்காருங்கள். ஊராட்சித் தலைவரைப் பார்ப்பது மரியாதை. ஆனால் அவரோடு நிறுத்தாதீர்கள். அங்கன்வாடி ஊழியர், மகளிர் குழுப் பெண்கள், மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், இவர்களைக் கேட்டால்தான் உண்மையான குறை வெளியே வரும். காலனிப் பக்கமும் போங்கள். முகாம் முழுவதையும் ஊர்த்தெருவிலேயே முடித்துக்கொள்வது நம்மவர்களுக்குப் பழகிப்போன தப்பு. வீடு வீடாகக் கணக்கெடுப்பதென்றால் சாயங்காலம் போங்கள். பகலில் ஆட்கள் காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், பூட்டிய கதவைத்தான் எண்ண வேண்டும்.

அப்புறம், நான் பார்த்ததில் ஊர்க்காரர்கள் அதிகம் விரும்பியது மண்வெட்டி வேலையை அல்ல. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டு அட்டை இதற்கெல்லாம் இ-சேவை மையத்தில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று பார்த்து, எடுத்து அடுக்கிக் கொடுத்து, கூடவே போய் வந்த மாணவர்களைத்தான். நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். முகாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அந்த மனுக்கள் என்ன ஆயின என்று பார்க்க ஒரு முறை போக வேண்டும்.

இதெல்லாம் பதவி உயர்வுக்கு உதவுமா? (இன்னொரு பேராசிரியர்)

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) மதிப்பீட்டில் என்எஸ்எஸ் சேரும். ஆய்வுக் கட்டுரைக்கு ஈடாகாது.

வெளிநாட்டிலும் இப்படி உண்டா? (பொறியியல் மாணவர்)

நம்மைவிடக் கறாராகவே உண்டு தம்பி. மெக்சிகோவில் குறைந்தது 480 மணி நேரம் சமூக சேவை செய்யாமல் பட்டம் வாங்க முடியாது. 1936இல் மருத்துவ மாணவர்களை மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு அனுப்பியதில் தொடங்கியது அது. இந்தோனேசியாவில் காஜா மாடா பல்கலைக்கழக மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி வேலை செய்வது பாடத்திட்டத்தில் இருக்கிறது.

கம்போடியாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இரண்டு வாரம் ஆங்கிலம் கற்பிக்க ஒரு ஏஜென்சி பணம் கேட்கிறது. போகலாமா? (எம்.ஏ. மாணவி)

வேண்டாம். அந்நாட்டுக் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது ஆய்வில் தெரியவந்தது. வெளிநாட்டார் பணத்தோடு வர வர, காப்பகங்களும் பெருகின. இரண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து போனால் பிள்ளைகள் எதைக் கற்கும்? வெளிநாடுதான் போக வேண்டுமென்றால், அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டாக நடத்தும் திட்டமாகப் பாருங்கள். கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது என்றும் எழுத்தில் கேளுங்கள்.

240 மணி நேரம் முடித்துவிட்டேன். முகாமுக்கு மட்டும் வீட்டில் விட மறுக்கிறார்கள். சான்றிதழ் கிடைக்குமா? (பி.காம். மாணவி)

இரண்டும் வேண்டும்மா. உடன் வரும் ஆசிரியையை உங்கள் அம்மாவிடம் போனில் பேசச் சொல்லுங்கள். பெண்கள் தங்கும் இடத்தில் கழிப்பறை எப்படி என்று அதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மா முதலில் அதைத்தான் கேட்பார்.