30 சதவீதத்தில் நின்றுபோகும் ஸ்கூட்டர்: மின்வாகனக் கேள்வி பதில்

கேள்வி: 22 கிலோவாட் என்று எழுதியிருக்கும் டைப் 2 (ஏசி பிளக் வகை) சார்ஜரில் மாட்டினாலும் என் கார் 7 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை. சார்ஜரில் கோளாறா?

இல்லை. சுவரில் தொங்கும் அந்தப் பெட்டி ஏசி மின்சாரத்தைக் காருக்கு விடலாமா, எவ்வளவு விடலாம் என்று பார்க்கும் சுவிட்ச், அவ்வளவுதான். ஏசியை டிசியாக மாற்றும் நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. அது ஒற்றை ஃபேஸ், 32 ஆம்பியர் வகை என்றால் மூன்று ஃபேஸ் கொடுத்தாலும் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும்: 230 வோல்ட்டில் 7.4 கிலோவாட். ஆனால் 4.6 கிலோவாட்டில் நின்றால் கேபிளைப் பாருங்கள். பிளக்குக்குள் இருக்கும் ரெசிஸ்டர்தான் கேபிளின் தாங்குதிறனைச் சொல்கிறது. 220 ஓம் என்றால் 32 ஆம்பியர், 680 ஓம் என்றால் 20 ஆம்பியர், அதாவது 4.6 கிலோவாட்.

கேள்வி: வீட்டில் சார்ஜரை மாட்டியதும் 'கடக்' என்று சத்தம் வருகிறது, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. வெளியில் மாட்டினால் ஒழுங்காக ஏறுகிறது.

'கடக்' சத்தம் வந்துவிட்டது என்றால் காரும் சார்ஜரும் பேசி முடித்துவிட்டன. இரண்டும் பேசிக்கொள்ளும் பைலட் கம்பியில் முதலில் 12 வோல்ட், மாட்டியதும் 9, கார் தயாரானதும் 6 என்று இறங்கும். 6 வந்த பிறகே மின்சாரத்தை விடும் ரிலே சுவிட்ச் மூடும், அதுதான் அந்தச் சத்தம். எனவே பிளக்கின் மேல்வரிசைச் சிறு பின்களை நோண்ட வேண்டாம். சத்தமே வராதபோதுதான் அந்த வேலை. உங்கள் சந்தேகம் வீட்டு வயரிங் மீதும் எர்த் மீதும் இருக்கட்டும். சார்ஜ் அளவை 10 ஆம்பியருக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் எங்கோ டெர்மினல் தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பி மெலிது. 10 ஆம்பியரிலும் நின்றால் எர்த்தைச் சோதிக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று நின்றுவிடுகிறது. 'இரண்டு செல் வீக், மாற்றிவிடலாம்' என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

அளந்து பார்க்காமல் சொல்லியிருந்தால் மாற்றாதீர்கள். டிஸ்ப்ளே மொத்த பேக்கின் கணக்கைக் காட்டுகிறது. பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸோ ஒவ்வொரு செல் வரிசையையும் (பேரலலாக இணைத்த செல்களின் தொகுப்பு) தனித்தனியாகக் கவனிக்கிறது. 14 வரிசையில் ஒன்று மட்டும் 3 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் மொத்தத்தையும் துண்டித்துவிடும்.

என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) பேக் என்றால் முழு சார்ஜ் செய்து இரண்டு மணி நேரம் விட்டு, பேலன்ஸ் கனெக்டரில் (எல்லா வரிசையிலிருந்தும் பிஎம்எஸ்ஸுக்கு வரும் கம்பிகளின் பிளக்) வரிசை வரிசையாக அளக்கச் சொல்லுங்கள். மற்றவை 4.15 இருக்க, ஒன்று 4.02 என்றால் அந்த வரிசை வெறுமனே பின்தங்கியிருக்கலாம். அதற்கு மட்டும் 4.2 வோல்ட்டில் நிறுத்தும் ஒற்றைச் செல் சார்ஜரால் 1 ஆம்பியர் கொடுத்துச் சமப்படுத்தலாம். பிஎம்எஸ் தானே சரிசெய்யட்டும் என்று காத்திருந்தால் நாளாகும்: வித்தியாசம் 3 ஆம்பியர்-மணி, பேலன்ஸ் கரன்ட் 50 மில்லி ஆம்பியர் என்றால் 60 மணி நேரம்.

முழு சார்ஜில் எல்லாம் சமமாக இருந்து, ஓடும்போது ஒரு வரிசை மட்டும் முதலில் சரிந்தால் கதை வேறு. ஆக்சிலரேட்டரை விட்டதும் டக்கென்று பழைய வோல்ட்டேஜுக்கு ஏறினால் முதலில் செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையின் வெல்டைப் பாருங்கள். செல் நன்றாக இருந்து வெல்ட் விட்டிருப்பது பலர் நினைப்பதைவிட அதிகம். மெல்லத்தான் ஏறுகிறது, அல்லது கீழேயே நிற்கிறது என்றால் அந்த வரிசையின் கொள்ளளவு போய்விட்டது.

அப்போதும் ஒரு செல்லை மட்டும் மாற்றக் கூடாது. பழைய செல்களோடு பேரலலாகச் சேரும் புதிய செல் பங்குக்கு மீறிய கரன்ட்டைச் சுமக்கும். வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும். புதிய வரிசையின் வோல்ட்டேஜ் மற்றவற்றோடு 0.05 வோல்ட்டுக்குள் வந்த பிறகே இணைக்க வேண்டும். ஸ்பாட் வெல்ட் மட்டுமே. செல் மேல் சால்டரிங் இரும்பை வைப்பவரிடம் பேக்கைக் கொடுக்காதீர்கள், சூடு உள்ளே இருக்கும் பிரிப்பானைக் கெடுக்கும். பேலன்ஸ் கனெக்டரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே நாளாகக் கிடந்த செல்லை 'உயிர்ப்பித்து'த் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். உள்ளே செம்பு கரைந்திருக்கும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக் என்றால் பாதி சார்ஜில் அளப்பது வீண், வோல்ட்டேஜ் தட்டையாகவே இருக்கும். முழுதாக ஏறும்போதும், தீரும் தறுவாயிலும் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: என் காரில் இருப்பது சாடெமோ என்ற டிசி வேக சார்ஜிங் பிளக். இன்னொரு வகையான சிசிஎஸ் 2 சார்ஜருக்கு ஒரு அடாப்டர் வாங்கினால் போதுமா?

வெறும் கம்பி மாற்றும் அடாப்டர் உதவாது. சாடெமோ கேன் பஸ் என்ற தனித் தகவல் கம்பிகளில் பேசும், சிசிஎஸ் பைலட் கம்பி மேலேயே பவர்லைன் என்ற வேறு வகைச் சிக்னலில் பேசும். இடையில் மொழிபெயர்க்க ஒரு சர்க்யூட் வேண்டும், அதன் மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியும் வேண்டும். இரண்டும் இருக்கிறதா, உங்கள் காரின் பேக் வோல்ட்டேஜுக்கும் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.