சேவலும் சித்திரை வெயிலும்

கேள்வி: கொல்லையில் பத்து நாட்டுக்கோழி வளர்க்கிறோம். கரண்ட் அடிக்கடி போவதால் ஃபிரிட்ஜை நம்ப முடியவில்லை. முட்டைகளை நன்றாகக் கழுவித் துடைத்து வெளியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: 'நன்றாகக் கழுவி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். தண்ணீரைக் கண்டால் நமக்கு எதையாவது கழுவியாக வேண்டும். வாசலைக் கழுவுகிறோம். கறியைக் கழுவு கழுவென்று கழுவி ருசியையும் சாக்கடைக்கு அனுப்புகிறோம். புதுப்படத்தை இடைவேளைக்குள் கழுவி ஊற்றுகிறோம். கட்சி மாறி வந்தவரின் பத்து வருஷக் கறையை ஒரே பொன்னாடையில் கழுவிவிடுகிறோம். முட்டையையாவது விட்டுவையுங்கள், அம்மா.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைக்கும் மெல்லிய பூச்சோடுதான் கோழி முட்டையிடுகிறது. கழுவினால் பூச்சு போகும், ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும். அமெரிக்காவில் கடை முட்டையைக் கழுவிவிடுகிறார்கள். அதனாலேயே அதை ஃபிரிட்ஜில் வைத்தே தீர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல்தர முட்டையைக் கழுவக் கூடாது என்பது பொதுவிதி. எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். அதற்கும் போகாத முட்டையை அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

சரி, எத்தனை நாள்? கோழி இட்ட நாளிலிருந்து 28 நாள் என்று ஐரோப்பியர்கள் கெடு போடுகிறார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. மணப்பாறைச் சித்திரையில் நானாக இருந்தால் நாலு நாளுக்கு மேல் வைக்க மாட்டேன். மார்கழியில் ஒரு வாரம். வெயில் பாதிக் காரணம், மீதி சேவல். உங்கள் பத்தில் சேவல் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முட்டையில் கரு இருக்கும். கோழி படுக்காவிட்டாலும் வெயிலே அரைகுறையாக அடைகாக்கத் தொடங்கிவிடும். உடைத்தால் ரத்தக் கோடு ஓடும். நாமக்கல் பண்ணை முட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே சேவலுக்கு வேலையே கிடையாது. குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லையென்றால், மாப்பிள்ளை வருகிற நாள் பார்த்துச் சேவலை வழியனுப்பிவிடலாம்.

முட்டையைத் தினமும் எடுத்து, அரிசிப் பானைக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி செருகி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நாளாக ஆக உள்ளே காற்றறை பெருக்கும், மிதந்தால் எறிந்துவிடுங்கள். ஆனால் மூழ்கிய முட்டை பழசில்லை என்றுதான் அர்த்தம், கிருமி இல்லை என்றல்ல.

ஏனென்றால் சால்மோனெல்லா என்ற கிருமி, ஓடு உருவாவதற்கு முன்பே கோழியின் வயிற்றிலேயே முட்டைக்குள் புகுந்துவிடக் கூடும். 1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துறை துணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி இந்தக் கிருமியால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது, பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள், இரண்டே வாரத்தில் அம்மையார் பதவி விலகினார். நம் ஊராக இருந்தால் முட்டைதான் ராஜினாமா செய்திருக்கும்.

ஆகவே வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவையுங்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு வாயில் ஊற்றும் பாட்டிமார்களிடமும் இதைச் சொல்லுங்கள். ஆஃப் பாயில்காரர்களிடம் சொல்லிப் பயனில்லை. போன தடவை அதைப் பற்றி நான் எழுதியதற்கு மதுரையிலிருந்து வந்த கடிதங்களை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எழுத உட்காருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: கொத்து பரோட்டாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கல்லில் விழும் அடிக்கு எந்தக் கிருமி தாங்கும்?